மேலுறையியல்: திசையன்விளை வட்டாரக் கிடார் பெட்டிகள் குறித்து ஓர் அடுக்காய்வு

தோற்றுவாய்

கிடார் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மரம், மின்சாரம், மேலுறை என முப்பால் உடையது. மரத்தை ஆசாரி அறிவார். மின்சாரத்தை ரேடியோ செட்டுக்காரர் அறிவார். மேலுறையை ஊரே அறியும். ஊரே அறிந்த பொருளுக்குத்தான் ஆய்வு அதிகம் தேவைப்படுகிறது என்பது பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக நிறுவிவரும் உண்மை.

மேலுறை எனப்படுவது யாது? பெட்டியின் உடம்பில் ஒட்டும் ரெக்சின், முகத்தில் இழுத்துக் கட்டும் துணி, இரண்டும் கூடும் ஓரத்தில் ஓடும் பீடிங், எட்டு மூலைக்கும் தகரக் காப்பு, தலையில் கைப்பிடி, அடியில் ரப்பர் புஷ், நெற்றியில் பெயர்ப்பட்டை ஆகிய ஏழும் சேர்ந்தது. ரெக்சின் ஒன்றையே மேலுறை எனக் கொள்வாரும் உளர். அவர்கள் பெட்டி செய்து பார்க்காதவர்கள்.

ஆய்வின் எல்லை: தெற்கே உவரிக் கடல், மேற்கே வள்ளியூர் ரயில் நிலையம், வடக்கே சாத்தான்குளம், கிழக்கே உடன்குடி. இந்த எல்லை மொழி, இனம், நிலவியல் எதையும் அடிப்படையாகக் கொண்டதன்று. கடைசிப் பேருந்தில் திசையன்விளைக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம் இவ்வளவே. முனைவர் பட்ட ஆய்வுகள் பலவற்றின் எல்லையும் இவ்வாறே வகுக்கப்பட்டதுதான். ஒப்புக்கொள்வதில் மட்டுமே வேறுபாடு.

கருதுகோள்: உறை நன்றாக இருந்தால் பெட்டி பார்க்க நன்றாக இருக்கும். ஆய்வு நெறிப்படி இதனையே நானூறு பக்கம் கழித்து முடிவாகவும் எழுதவேண்டும். தாள் விலை கருதி ஒருமுறை மட்டும் எழுதப்படுகிறது.

கிடார் பெட்டி இந்த மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கடலோரத்தில் கத்தோலிக்க ஆலயங்கள், உள்நாட்டில் சி.எஸ்.ஐ. ஆலயங்கள், இரண்டிலும் பாடகர் குழுக்கள். மார்கழியில் கேரல். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டிப் புறப்படும் தசரா குழுக்கள். சித்திரை தொடங்கிச் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை விழா. ஞாயிறு காலை ஆலயத்தில் தோத்திரம் பாடிய பெட்டி செவ்வாய் இரவு கொடைக் கச்சேரியில் சினிமாப் பாட்டுக்கு முழங்குவதில் பெட்டிக்கு எந்தச் சங்கடமும் நேர்ந்ததாகச் சான்றில்லை.

முன்னோர் மொழிந்தவை

இத்துறையில் முன்னோடி நூல் இல்லை. இதற்கு முதற்பொறுப்பு கால்டுவெல்லையே சாரும். 1841இல் திசையன்விளைக்குப் பக்கத்து ஊரான இடையன்குடியில் வந்து தங்கி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1881இல் திருநெல்வேலிச் சரித்திரமும் எழுதினார். இரண்டிலும் ரெக்சின் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அக்காலத்தில் ரெக்சினும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. வாதம் நியாயமானதே. ஆயினும் முன்னோடியைக் குறை கூறாமல் இரண்டாம் இயலைத் தொடங்குவது ஆய்வு மரபு ஆகாது என்பதால் இக்குறை பதிவு செய்யப்படுகிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையும் இவ்விஷயத்தில் மௌனம் சாதித்தது. அதற்குத் தனிக் கண்டனம்.

மேனாட்டு நிலை வருமாறு. அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனியார் 1950களில் தங்கள் பெட்டிகளுக்கு ட்வீட் என்னும் சாய்கோட்டுப் பருத்தித் துணியை ஒட்டி அதன்மேல் அரக்கு அடித்தனர். 1960 வாக்கில் டோலெக்ஸ் என்னும் வினைல் உறைக்கு மாறினர். லண்டனில் 1962இல் மார்ஷல் பெட்டி பிறந்தது. கருப்பு உடம்பும் முன்னே பொன்னிற ஓரமும் அதன் அடையாளமாயின. இவ்வட்டாரத்துப் பையன்கள் எந்தப் பெட்டி செய்யச் சொன்னாலும் மனத்தில் வைத்திருப்பது இந்த மார்ஷலைத்தான். ஆசாரி மனத்தில் வைத்திருப்பது சென்ற மாதம் செய்த கல்யாண வீட்டுப் பீரோவை. இரண்டுக்கும் நடுவில் பிறப்பதே திசையன்விளைப் பெட்டி.

உறையியல்

டோலெக்ஸ் இங்கே கிடைக்காது, தேவையும் இல்லை. ரெக்சின் இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் பிறந்த வணிகப்பெயர் இது. ஆதியில் பருத்தித் துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்தார்கள். இன்று அந்தப் பெயரில் விற்பது துணிமுதுகு கொண்ட பி.வி.சி. தோல். பைக் சீட்டும் ஆட்டோ சீட்டும் தைக்கும் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள்.

நிறத்தால் மூவகைப்படும். கருப்பு: எல்லோரும் வாங்குவது. கருஞ்சிவப்பு: வேன் சீட்டுக்கு வாங்கியதில் மிச்சம். பச்சை: யாரும் கேட்டு வாங்கியதில்லை, ஆயினும் பச்சைப் பெட்டிகள் உள்ளன.

அளவைப் பொறுத்தவரை சற்றே கணக்குப் பார்த்தல் தகும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைக்கும் பெட்டிக்கு 20 அங்குல அகலம், 18 அங்குல உயரம், 10 அங்குல ஆழம் எனக் கொள்க. நான்கு பக்கத்தையும் ஒரே பட்டையால் சுற்றினால் 76 அங்குலம். ஒன்றன்மேல் ஒன்று ஏற இரண்டு சேர்த்து 78. முன்னும் பின்னும் உள்ளே மடிக்க இரண்டரை இரண்டரை விட்டால் பட்டையின் அகலம் 15. ரெக்சின் சுருளின் அகலம் பெரும்பாலும் 54 அங்குலம். ஆக, 2 மீட்டர் வாங்கினால் மூன்று பெட்டிக்கு ஆகும். பின்பலகைக்குப் பெயின்ட் அடித்துவிடுவது மரபு. இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஒரு பெட்டிக்கு 2 மீட்டர் வாங்கி, இரண்டாவது பெட்டிக்கு மறுபடி 2 மீட்டர் வாங்குவதே வழக்கில் உள்ளது. மிச்ச ரெக்சின் எங்கே போகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வேதாகம உறை, ஆர்மோனியத்தின் மேல்துணி, ஆசாரியின் பைக் சீட் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் புதிர் அவிழ்ந்தது (வாய்மொழிச் சான்று, டீக்கடை, காலை).

மேனியியல்

முக்கால் இஞ்சு பிளைவுட்டின் கூர்முனையில் ரெக்சினை இழுத்து மடித்தால் ஆறு மாதத்தில் அந்த முனையே பிளேடாகி அதைக் கிழித்துவிடும். ஆகவே விளிம்புகளை இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் போட்டு உருட்டிவிட வேண்டும். ஆணித்தலைகளை உள்ளே இறக்கி, குழிகளுக்குப் பட்டி வைத்து, காய்ந்தபின் தேய்க்க வேண்டும். ரெக்சின் எதையும் மறைக்காது; கீழே இருக்கும் சிறு மேட்டையும் பெரிதாக்கிக் காட்டும். உள்ளங்கையை விரித்துப் பலகைமேல் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதே சோதனை. கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது ஆசாரிமார் கொள்கை (வாய்மொழி, அதே டீக்கடை, மாலை, காலையில் சொன்னவரே சொன்னது, கருத்து மட்டும் வேறு).

பசையியல்

பசை இருவகை. வெள்ளைப் பசை தண்ணீரில் கலந்தது. ஒட்டியபின் நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். ஆனால் பி.வி.சி.யின் அடியில் அந்த ஈரம் வெளியேற வழியின்றி இரவெல்லாம் கிடக்கும். மஞ்சள் ரப்பர் பசை அப்படியன்று. பலகையிலும் ரெக்சினின் துணிமுதுகிலும் தனித்தனியே தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான். கோணலாகத் தொட்டுவிட்டால் கோணலே விதி. இதற்கு மாற்றாக நடுவில் செய்தித்தாள் ஒன்றை விரித்து, இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு, தாளைச் சிறிது சிறிதாக உருவியபடியே பூரிக்கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அழுத்துவார்கள். பசையில் தீப்பற்றும் கரைப்பான் இருப்பதால் வேலை முற்றத்தில் நடக்கவேண்டும்; பீடி தெருவில் இருக்கவேண்டும்.

ஆறும் காலம் குறித்து ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பத்து நிமிடம் என்பர் ஒரு சாரார். பதினைந்து என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அவசரப்பட்ட கருத்துகள் என்றே தாமிரபரணிக் கரையின் ஆய்வு மரபை அறிந்தோர் சொல்வர். அக்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிக்காட்டை 2004இல் மீண்டும் தோண்டியதன் அறிக்கை ஆறுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. நீதிமன்றம் விரலை வைத்துப் பார்க்கவும் நேர்ந்தது. ரப்பர் பசை அவ்வளவு பொறுமை காட்டாது.

கொப்புளவியல்

ஒட்டி முடித்த மேலுறையில் ஆங்காங்கே எழும் மேடுகள் கொப்புளம் எனப்படும். அவை காற்று, பசை, மணல், எறும்பு என நால்வகை.

காற்றுக் கொப்புளம் அழுத்தினால் நகரும். ஊசியால் சாய்வாகக் குத்தித் தேய்த்தால் போய்விடும்.

பசைக் கொப்புளம் போகாது.

மணல் கொப்புளமே இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, தேரிக்காட்டுச் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு நேரே வருமிடம் பசை ஆறிக்கொண்டிருக்கும் முற்றம். பதினைந்து நிமிடம் திறந்து கிடக்கும் பசைப்பரப்பில் ஒரே ஒரு மணி வந்து உட்கார்ந்தால் போதும். பெட்டி உள்ளவரை அது மேற்பலகையில் பருவாக நிற்கும்.

இம்மணியைக் கொண்டு பெட்டியின் பிறப்பிடத்தைக் காணமுடியும் என்பதே இக்கட்டுரையின் பெரும்பங்களிப்பு. தேரி மணல் சிவப்பு. படிகக்கல் மணிமேல் இரும்பு ஆக்சைடு பூத்திருப்பதே காரணம். உவரி, கூட்டப்பனைக் கடற்கரை மணலில் இல்மனைட் கலந்திருப்பதால் கருமை மினுங்கும். அதில் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டும். ஆக, ரெக்சினைப் பிரித்து மணியை எடுத்து ஸ்பீக்கர் காந்தத்தின் அருகே காட்டுக. ஒட்டினால் கடலோரப் பெட்டி எனக் கொள்ளலாம். ஒட்டாவிட்டால் தேரிப் பெட்டி எனக் கொள்ளலாம். இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. கடற்கரையில் கார்னெட் என்னும் செம்மணியும் கிடக்கிறது, அதுவும் சிவப்பு. எனவே சிவப்பு மணி கிடைத்தால் அது தேரிச் சிவப்பா, கார்னெட் சிவப்பா என்ற வினா எழும். தேரி என்பர் உள்நாட்டார். கார்னெட் என்பர் கடலோரத்தார். (எழுத்துச் சான்று: ரேடியோ செட் குடோன், வடக்குச் சுவர், கரிக்கட்டியால் எழுதியது, வரி 3. வரி 2 யாரோ வைத்த பாக்கித் தொகை, ஆய்வுக்குத் தொடர்பில்லை, ஆயினும் பதிப்பறம் கருதிச் சேர்க்கப்படுகிறது.) மேலும் மாதிரி சேகரித்துத் தீர்த்துவைக்கலாம் என்றால், கடற்கரைக் கனிம மணல் அள்ள 2013இல் தடை வந்தது. ஒப்பாய்வுக்காக ஒரு கைப்பிடி அள்ளும் மாணவர் தம் நெறியாளரின் கடிதத்தை உடன் வைத்திருப்பது நலம். கடிதம் உதவாது, இருந்தாலும் வைத்திருப்பது நலம்.

எறும்புக் கொப்புளம் காலத்தைக் காட்டும். பசை ஆறும்போது குறுக்கே நடக்க முயன்ற எறும்பு அங்கேயே நின்றுவிடும். மேலே ரெக்சின் வந்துவிடும். பங்குனி தொடங்கிப் பதநீர்க் காலம். உடன்குடிப் பக்கமெல்லாம் கருப்பட்டி காய்ச்சுவார்கள், எறும்புக்குக் கொண்டாட்டம். எனவே எறும்பு அகப்பட்ட பெட்டி கோடையில் செய்தது, மணல் அகப்பட்ட பெட்டி ஆடியில் செய்தது, இரண்டும் அகப்பட்ட பெட்டி கோடையில் தொடங்கி ஆசாரியால் ஆடிவரை இழுக்கப்பட்டது என்று துணியலாம். வாடிக்கையாளர் வாக்குமூலங்களும் இந்த மூன்றாம் முடிவுக்கே வலுச் சேர்க்கின்றன. அகப்பட்டது ஆண் எறும்பா பெண் எறும்பா என்ற வினாவை எழுப்பியோர் உண்டு. உழைக்கும் எறும்புகள் யாவும் பெண்ணே எனப் பூச்சியியலார் என்றோ சொல்லிவிட்டதால் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கருத்தரங்கு நடத்த அது ஒரு தடையன்று. (ரெக்சின் கடை ரசீதின் பின்பக்கம், பென்சிலில், மூலப்படி கிடைக்கவில்லை, மூலப்படியைப் பார்த்தவரைப் பார்த்தவர் சொன்னது, மறுத்தவர் சொன்னது தனி, இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதால் ஒப்புநோக்க இயலவில்லை, காண்க: மேலது, எந்த மேலது என்பதற்குக் காண்க: கீழது.)

அடுக்காய்வு

இவ்வட்டாரத்தில் பழைய உறையை உரித்துவிட்டுப் புதிது போடும் வழக்கம் இல்லை. பழையதன்மேலேயே புதியது ஏறும். அதனால் பெட்டிகளில் பண்பாட்டு அடுக்குகள் சிதையாமல் கிடைக்கின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டை 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர்கள் பின்பற்றிய நெறியே இங்கும் கொள்ளப்படுகிறது. கருவி மட்டும் சப்பைத் திருப்புளி.

மாதிரிப் பெட்டி ஒன்றின் அடுக்குகள் மேலிருந்து கீழாக: முதலடுக்கு, கருப்பு ரெக்சின், மெழுகுவர்த்தி சொட்டிய தடம் உண்டு, ஆலயக் காலம். இரண்டாம் அடுக்கு, கருஞ்சிவப்பு ரெக்சின், திருநீறும் குங்குமமும் மடிப்பில் படிந்துள்ளன, கொடைக் காலம். மூன்றாம் அடுக்கு, மரக்கோடு அச்சிட்ட ஒட்டுத்தாள். மரத்தின்மேல் மரப்படம் ஒட்டியவர்களின் மனநிலை தனி ஆய்வுக்குரியது. நான்காம் அடுக்கு, சுவரொட்டி. கட்சிச் சின்னம் பாதி தெரிகிறது. எந்தக் கட்சி என்பது ஆய்வாளரின் எதிர்கால வேலைவாய்ப்புக் கருதி இங்கே குறிக்கப்படவில்லை. அதற்கும் கீழே வெறும் பிளைவுட். அதன்மேல், கார்ப்பென்டர் பென்சிலில், ஒரு கல்வெட்டுக்கு நிகரான வாசகம்: ‘மேலே’.

வாசகம் இருக்குமிடம் பெட்டியின் அடிப்பலகை.

இதுபற்றி நான்கு கொள்கைகள் உள. முதற்கொள்கை: பெட்டி பிறந்தது முதல் தலைகீழாகவே பயன்பட்டு வந்துள்ளது. கைப்பிடி மறுபுறம் இருப்பது இதற்குத் தடையாகாது; கைப்பிடி பிற்காலத்து இடைச்செருகல். இரண்டாம் கொள்கை: ‘மேலே’ என்பது இடத்தைச் சுட்டியதன்று, ஆணை, மேற்கொண்டு வேலையைப் பார் என்று உதவியாளுக்குச் சொன்னது. மூன்றாம் கொள்கை: வாசகம் முழுமையானதன்று, உப்புத்தாள் பட்டு இறுதி எழுத்துகள் தேய்ந்தன, மூலம் ‘மேலப்பாளையம்’ என்றிருந்திருக்க வேண்டும், பலகை அந்த ஊரிலிருந்து வந்தது. ‘லே’ எப்படி ‘ல’ ஆகும் எனில், இரட்டைக்கொம்பு போலத் தெரிவது பலகையின் ரேகை. இக்கொள்கையினர் எஞ்சிய எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் தாமே நிரப்பி, பிறகு அந்த அடைப்புக்குறியையே சான்றாகக் காட்டுவர். நான்காம் கொள்கை: இது ஆசாரி மொழியே அன்று; நெல்லைச் சீமையில் ஒருவரை விளிக்கும் ‘லே’ இதில் வருவதால், ‘மே’ என்ற பெயர்கொண்ட ஒருவர் அழைக்கப்பட்டிருக்கிறார். அத்தகைய பெயர் வழக்கில் இல்லை என்பதை இவர்கள் ஒப்புகின்றனர், வழக்கொழிந்திருக்கலாம் என்கின்றனர். நான்கு கொள்கையினரும் ஒருவர் நூலுக்கு ஒருவர் அணிந்துரை வழங்கியுள்ளனர்.

அதை எழுதிய ஆசாரி அடுத்த தெருவில் இருக்கிறார். கேட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் உயிரோடு இருப்பவரிடம் நேரில் கேட்டு அறிவது அடுக்காய்வு நெறிக்கு உகந்ததன்று. தவிர, அவர் சொல்லிவிட்டால் நான்கு நூல்களும் ஒரே நாளில் பழையதாகிவிடும். (பிற்சேர்க்கை: டீக்கடையில் அவராகவே வந்து சொன்னது. பலகையை அறுக்கும்போது தரையில் போட்டிருந்தார்களாம், மேலே தெரிந்த பக்கத்தில் ‘மேலே’ என்று எழுதினாராம், பூட்டும்போது பார்க்கவில்லையாம். இது ஒரு தனிநபர் கருத்து என்ற அளவில் மட்டும் ஏற்கப்படுகிறது.)

மூலையியல்

மேலுறையின் தரம் மூலையில் தெரியும். சுற்றிவந்த பட்டையின் இணைப்பு அடிப்பலகையில் அமையவேண்டும். கண்ணில் படும் இடத்தில் இணைப்பு வைப்பவர் பெட்டியை விற்கும்போது பாதி விலைக்கு வாதாடவேண்டி வரும். இணைப்பைச் சரியாகச் சேர்க்க ஒரு வழி உண்டு. இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடால் இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். மேலே விழுந்த துண்டை எடுத்துவிட்டு, மேல்முனையை லேசாகத் தூக்கி, அடியில் கிடக்கும் துண்டையும் உருவிவிட்டால் எஞ்சும் இரண்டு ஓரமும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். இரண்டு தனி வெட்டுகள் ஒருநாளும் பொருந்தா.

முன்விளிம்பில் உள்ளே மடிக்கும்போது மூலையில் துணி குவியும். அங்கே 45 டிகிரியில் ஒரு வெட்டு. குவிந்த முக்கோணத்தை அகற்று. ஒரு பக்கத்தை முதலில் மடித்து அழுத்து. அடுத்த பக்கத்தை அதன்மேல் மடி. வெட்டு மூலையின் நுனிவரை போகக்கூடாது. பலகையின் கனம் அளவுக்கு முன்பே நிற்கவேண்டும். நுனிவரை போனால் பிளைவுட்டின் மூக்கு வெளியே தெரியும். தெரிந்தால் என்ன, தகரக் காப்பு மூடிவிடும் என்பாருமுளர். தகரக் காப்பு கண்டுபிடிக்கப்பட்டதே இதற்குத்தான் என்பாருமுளர். பின்னவர் கூற்றே பொருந்தும்.

முன்துணியியல்

ஏழு உறுப்புகளில் ஒலியோடு தொடர்புடையது முன்துணி ஒன்றே. ரெக்சினும் பீடிங்கும் கண்ணுக்கு, முன்துணி காதுக்கும். நெசவு நெருக்கமான துணி கூரிய ஒலிகளை விழுங்கிவிடும். கடையில் துணியை உதட்டருகே பிடித்து ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு தடையின்றிப் போனால் ஒலியும் போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடே தெரியவேண்டும். சாக்குத்துணி இரண்டு சோதனையிலும் தேறும். மழைநாளில் வாசனையில் தோற்கும். கொசுவலை தேறும், தொளதொளவென்று ஆடும். ஜன்னல் திரைத்துணியில் மெல்லியது நன்று. பட்டுச்சேலையின் முந்தியை வைத்த பெட்டி ஒன்று உண்டு என்பர். பெட்டி வேலை செய்தது, செய்தவருக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்கவில்லை என்றும் அதே சான்று கூறுகிறது.

துணியை மெல்லிய பிளைவுட் சட்டத்தில் கட்டுவர். நான்கு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஒவ்வொரு பின். எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி இழுத்து மூலையை நோக்கி நகரவேண்டும். ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்கு இழுத்துக்கொண்டு போனால் இழைகள் வளைந்து, முகம் இளித்தபடியே நிற்கும். சட்டத்தின் உட்பக்கத்துக்குக் கருப்புப் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். இல்லையேல் விளக்கு வெளிச்சத்தில் துணியினூடே வெள்ளைப் பலகை பல்லைக் காட்டும்.

பீடிங்

பொன்னிறப் பீடிங் வைத்தால் மார்ஷல் சாயல் வரும். கிடைக்காவிட்டால் கார் கண்ணாடி ரப்பர். அதுவும் இல்லாவிட்டால் வேண்டாம்.

கைப்பிடி

கைப்பிடி வேண்டும்.

பெயர்ப்பட்டை

பெட்டியின் நெற்றியில் எழுதப்படும் பெயர் மூன்று வகை: குழுவின் பெயர், பிள்ளையின் பெயர், வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். மூன்றாவதில் எழுத்துப்பிழை இருந்தால் வழக்கு வராது எனச் சட்டம் படித்தவர்கள் பெட்டி செய்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இலவச ஆலோசனை என்பதால் அதற்கு ரசீது இல்லை.

புறனடை

ஒட்டி முடித்த பெட்டியை ஒருநாள் முழுக்க நிழலில் ஆறவிட வேண்டும். மறுநாள் கிடாரைச் சொருகலாம். உறையால் ஒலி கூடுமா எனில், கூடாது. முன்துணி மோசமானால் குறையும், அவ்வளவே. சொருகிய கிடாரை வாசிக்கத் தெரியுமா என்பது இசைத்துறையைச் சார்ந்த வினா. இவ்வாய்வு உறைத்துறையைச் சார்ந்தது. மேல்விவரம் வேண்டுவோர் நான்கு நூல்களையும் படிக்கலாம். அவசரமுள்ளோர் அடுத்த தெருவில் ஆசாரியைப் பார்க்கலாம். மதியம் இரண்டிலிருந்து நான்குவரை தூங்குவார்.